பசை காயும் நேரத்தில் படித்தவை

பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்த காலம் முழுக்க, பெற்றோர் கூட்டம் முடிந்ததும் யாராவது ஒருவர் தயங்கி நின்று ஒரே கேள்வியைக் கேட்பார்: "டீச்சர், பிள்ளைக்கு என்ன புத்தகம் வாங்கிக் குடுக்கலாம்?" நான் கணக்கு டீச்சர். இருந்தாலும் என் பையில் எப்போதும் ஒரு கதைப் புத்தகம் கிடக்கும் என்பது ஊருக்கே தெரியும். கேட்பவர்கள் எதிர்பார்ப்பது ஒரு பட்டியல். கட்டாயம் படிக்க வேண்டிய நூறு நூல்கள் என்று பத்திரிகைகளில் வருமே, அந்த மாதிரி. அப்படிப்பட்ட பட்டியல்களை நானும் கத்தரித்து வைத்திருக்கிறேன். அதைப் பார்த்து ஒருவர் வாசகரானதை மட்டும் இன்னும் பார்க்கவில்லை. எனக்குத் தெரிந்து படிக்கிற பழக்கம் ஒட்டிக்கொண்டவர்களுக்கெல்லாம் புத்தகம் வேறு வழியில் வந்திருக்கிறது. யாரோ சத்தம் போட்டுப் படித்திருக்கிறார்கள், யாரோ ஒளித்து வைத்திருக்கிறார்கள், யாரோ "இது உனக்குப் புரியாது, வச்சிரு" என்று சொல்லியிருக்கிறார்கள். எந்தப் புத்தகம் என்பதைவிட அது எப்படி வந்து சேர்ந்தது என்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது.

எனக்கு அது வாய் வழியாக வந்தது. கோவில்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு கரிசல் கிராமம் எங்களுடையது. மழை பொய்த்தால் தீப்பெட்டி. மழை பெய்தாலும் பாதி வருஷம் தீப்பெட்டிதான். பெட்டி ஒட்டும் சாமான் வீட்டுக்கே வந்துவிடும். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு எங்கள் திண்ணையில் அம்மா, பெரியம்மா, பக்கத்து வீட்டு அத்தைமார் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து மைதாப் பசையைத் தொட்டுத் தொட்டு ஒட்டுவார்கள். கூலி குரோசுக் கணக்கு. ஒரு குரோசு என்றால் 144 பெட்டி. கை ஓயக்கூடாது, ஆனால் காது சும்மாதானே இருக்கிறது? எழுத்துக் கூட்டாமல் கடகடவென்று படிக்கத் தெரிந்த ஆள் அந்தத் திண்ணையில் நான் ஒருத்திதான். அதனால் பெட்டி ஒட்டுவதிலிருந்து தப்பித்தேன்.

டவுனில் தபாலாபீசில் வேலை பார்த்த ஒரு மாமா வீட்டில் 'பொன்னியின் செல்வன்' இருந்தது. கடையில் வாங்கியதல்ல. 'கல்கி' இதழில் 1950 அக்டோபரில் தொடங்கி 1954 வரை வந்த தொடரை வாரா வாரம் கிழித்தெடுத்துச் சேர்த்து, தைத்து, காலிகோ ஒட்டி பைண்டு செய்தது. மணியம் வரைந்த படங்களோடு, பக்கத்தின் ஓரத்தில் பாதி வெட்டுப்பட்ட விளம்பரங்களோடு இருக்கும். கதைக்கு நடுவே சோப்பு விளம்பரத்தையும் நான் அதே குரலில் படித்துவிடுவேன், அதற்கும் சிரிப்பார்கள்.

ஆடிப்பெருக்கு அன்று வீரநாராயண ஏரிக்கரையில் வந்தியத்தேவன் குதிரையில் வருகிறான். கடல் மாதிரி ஏரி, அதிலிருந்து 74 கணவாய், அதாவது மதகு, வழியாகத் தண்ணீர் பாய்கிறது. எங்கள் ஊரில் கண்மாய் என்றாலே வெடித்துக் கிடக்கும் களிமண்தான். "எழுபத்தி நாலு வழியாத் தண்ணி போகுதாமா? எழுதுனவன் நல்லா அளக்கான்" என்று பெரியம்மா சொன்னாள். அவள் அதை நம்பவே இல்லை. நான் வேலைக்குப் போன பிறகு, சிதம்பரத்துக்குக் கோயில் பார்க்கப் போன சாக்கில் அவளைக் காட்டுமன்னார்கோயில் பஸ்ஸில் ஏற்றிக் கூட்டிப்போய், இப்போது வீராணம் என்று சொல்கிற அதே ஏரியின் கரையில் நிறுத்தினேன். எதிர்க்கரையைத் தேடினாள். அப்புறம், "அந்தப் பையன் குதிரையில எந்தப் பக்கமா வந்தான்?" என்றாள். கதையில் வந்த ஆள் எழுதியவர் மனசிலிருந்து வந்தவனா, நிஜமா என்ற கேள்வியே அவளுக்கு இல்லை. அவன் வந்த வழி தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

இதை ஒரு யோசனையாகவே சொல்கிறேன். புத்தகத்தில் வரும் இடம் பஸ் போகும் தூரத்தில் இருந்தால் போய்ப் பாருங்கள், முடிந்தால் படிக்காதவர்களையும் கூட்டிக்கொண்டு. வீராணம், பழையாறை, நாகப்பட்டினம், கோடிக்கரை எல்லாமே போகக்கூடிய இடங்கள்தான். வீராணத்துத் தண்ணீர் 2004-லிருந்து குழாயில் சென்னைக்குப் போகிறது. சென்னையில் குழாயைத் திறக்கும் ஒரு பிள்ளைக்கு இதைச் சொல்லிப் பாருங்கள், முதல் அத்தியாயத்தைத் தானே தேடி எடுக்கும்.

சோழ குலத்தைப் பழிவாங்கக் கிளம்பும் நந்தினி விஷயத்தில் எங்கள் திண்ணை இரண்டாகப் பிரிந்தது. "அவ செஞ்சது சரிதான்" என்று ஒரு கட்சி. "குடியக் கெடுத்தவ" என்று இன்னொரு கட்சி. கிழவரைக் கட்டிக்கொண்டதைப் பற்றிய பேச்சு வந்தால் என்னை மோர் எடுத்துவர உள்ளே அனுப்பிவிடுவார்கள். பூங்குழலியை எல்லோருக்கும் பிடித்தது. தனியாகப் படகு வலிக்கிற பெண் என்பதால். குந்தவையை மெச்சினார்கள், ஆனால் அவளைப் பற்றி யாரும் சண்டை போடவில்லை. இன்றைக்கும் ஒரு நாவலைப் பற்றி யாராவது நல்ல கதை என்று மட்டும் சொன்னால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும். சண்டை வந்ததா என்று கேட்பேன்.

மாமா வீட்டில் மூன்றாம் பாகம் கிடைக்கவில்லை. யாரோ வாங்கிப் போய்த் திருப்பவில்லை. இரண்டாம் பாகம் முடிந்து நேராக நான்காம் பாகம். நடுவில் என்ன நடந்திருக்கும் என்று ஒரு வாரம்போலப் பெண்கள் தாங்களே கட்டினார்கள். அம்மா சொன்ன வழியில் இளவரசரை ஒரு உப்பளத்தில் ஒளித்து வைத்தார்கள். அத்தை சொன்ன வழியில் பூங்குழலிக்கும் அவருக்கும் ரகசியமாகக் கல்யாணமே முடிந்துவிட்டது. பிற்காலத்தில் 'கொலை வாள்' என்ற அந்தப் பாகத்தைப் படித்தபோது, கல்கியைவிட அத்தை கொஞ்சம் அவசரக்காரி என்று பட்டது, மற்றபடி ஒன்றும் குறைச்சலில்லை.

பிள்ளைகளுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டுவதை மூன்றாம் வகுப்போடு நிறுத்திவிடுகிறோம். தானே படிக்கத் தெரிந்துவிட்டதே, இனி எதற்கு என்ற நினைப்பு. நான் ஒன்பதாம் வகுப்புக்கும் படித்துக் காட்டியிருக்கிறேன். தேர்வு முடிந்து விடைத்தாள் கொடுத்த நாட்களில் மிஞ்சும் பத்து நிமிஷத்தில். கை எதிலாவது இருந்தால் இன்னும் நல்லது: பூ கட்டுகிற நேரம், பயறு உடைக்கிற நேரம், வெங்காயம் உரிக்கிற நேரம். வெறுமனே கையைக் கட்டிக்கொண்டு கேட்கச் சொன்னால் பெரியவர்களே தூங்கிவிடுவார்கள். தொடராக வந்த நாவல்கள் இதற்கு ரொம்பத் தோது. ஒவ்வொரு அத்தியாயமும் வாரக் கடைசி வரை ஆளைக் காத்திருக்க வைக்கவென்றே எழுதப்பட்டது. எங்கே நிறுத்துவது என்று நாம் யோசிக்கவே வேண்டாம். கல்கியின் நூல்கள் நாட்டுடைமை ஆகிவிட்டதால் எல்லாப் பதிப்பகமும் போடுகின்றன. தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றிவைக்கும் மதுரைத் திட்டத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. போனை வைத்துக்கொண்டு படித்தாலும் குரல் குரல்தான்.

என் தம்பியின் கதை வேறு. அவனுக்கு வந்தியத்தேவனும் வேண்டாம், யாரும் வேண்டாம். பக்கத்து ஊரான சிவகாசியிலிருந்து 1972-ல் முத்து காமிக்ஸ் வர ஆரம்பித்தது. முதல் இதழே 'இரும்புக்கை மாயாவி'. மின்சாரம் பாய்ந்தால் உடம்பு முழுக்க மறைந்து இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் தெரியும். தம்பி சுவிட்சு போர்டு பக்கம் போனாலே ஆச்சி கத்துவாள். எட்டாம் வகுப்பு வரை அவன் வேறு எதையும் படிக்கவில்லை. வீட்டில் எல்லோரும் "உருப்பட மாட்டான்" என்றார்கள். ஆனால் படத்திலிருந்து எழுத்துக்கும் எழுத்திலிருந்து படத்துக்கும் கண் தாவுகிற வேகம் அவனுக்கு அதில்தான் வந்தது. இன்று பெரிய லேத் பட்டறை வைத்திருக்கிறான். வரைபடத்தைப் பார்த்ததும் சாமான் எப்படி வரும் என்று அவனுக்குத் தெரிந்துவிடுகிறது. காமிக்ஸால்தான் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். காமிக்ஸால் கெட்டுப்போகவில்லை என்று அடித்துச் சொல்வேன்.

இனி மாஸ்கோ புத்தகங்கள். என் வயதில் இருக்கும் தமிழ் வாசகர்களிடம் இந்தப் பேச்சை எடுத்தால் அவ்வளவு சீக்கிரம் முடியாது.

சித்தப்பா மில் தொழிலாளி, சங்கத்து ஆள். மாநாடு, மே தினக் கூட்டம் என்று எங்கே போனாலும் பந்தல் வாசலில் ஒரு மேஜை போட்டு நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் புத்தகங்களைப் பரப்பியிருப்பார்கள். சோவியத் நாட்டிலேயே தமிழில் அச்சாகிக் கப்பலில் வந்தவை. முன்னேற்றப் பதிப்பகம், ராதுகா, மீர் என்று பெயர் போட்டிருக்கும். கெட்டி அட்டை, நூல் தையல், மணக்கிற தாள். விலையோ சில ரூபாய்தான். மில்லில் சம்பளம் இழுத்துக்கொண்ட மாதத்திலும் சித்தப்பா ஒன்றாவது வாங்கி வருவார். 'சோவியத் நாடு' இதழும் வரும். அந்தப் பளபளப்புத் தாளில் அட்டை போடாத நோட்டு எங்கள் வகுப்பில் ஏது? என் கணக்கு நோட்டின் மேல் டிராக்டர், வரலாறு நோட்டின் மேல் பாலே ஆடுகிற பெண்.

அந்தப் புத்தகங்களை அனுப்பியவர்களுக்கு ஒரு நோக்கம் இருந்தது, அதை யாரும் மறைக்கவுமில்லை. ஆனால் வாங்கியவர்கள் எடுத்துக்கொண்டது வேறு. சித்தப்பாவுக்கு மில் மிஷினில் வலது கையில் விரல்கள் போயின. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து முகம் கொடுத்துப் பேசாமல் கிடந்த நாட்களில் அவர் திரும்பத் திரும்பப் படித்தது போரிஸ் பொலெவோய் எழுதிய 'உண்மை மனிதனின் கதை'. தமிழில் தந்தவர் பூ. சோமசுந்தரம். நாவலுக்குப் பின்னால் இருப்பது நிஜ ஆள்: அலெக்சேய் மரேஸ்யெவ் என்ற விமானி. 1942-ல் அவருடைய விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. பனிக்காட்டில் 18 நாள் ஊர்ந்து ஊர்ந்து தன் ஆட்கள் இருக்கும் இடத்துக்கு வந்தார். இரண்டு கால்களையும் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று. பொய்க்கால் கட்டிப் பழகி மறுபடி போர் விமானம் ஓட்டினார்.

சித்தப்பா படித்த பிரதியில் இரண்டு இடங்களில் மட்டும் தாள் அழுக்கேறிக் கிடக்கும். ஒன்று, காட்டில் பசி தாங்காமல் எறும்பையும் முள்ளம்பன்றியையும் தின்கிற இடம். இன்னொன்று, பொய்க்காலோடு நடனம் பழகுகிற இடம். டாக்டர்களிடம் தன்னால் முடியும் என்று காட்ட அவன் ஆடிக் காட்ட வேண்டும். வலி பொறுக்காமல் வெளியே போய்ச் சற்று நின்றுவிட்டு வந்து மறுபடி சிரித்துக்கொண்டே ஆடுவான். சோஷலிசம் பற்றிய பக்கங்கள் வெள்ளை வெளேரென்று இருந்தன. சங்கத்து ஆளிடமே! கொஞ்ச நாளில் சித்தப்பா இடது கையால் கேரம் ஆடப் பழகினார். தெருப் பையன்களிடம் காசு வைத்து ஆடி ஜெயித்தும் இருக்கிறார். புத்தகத்தைப் பற்றி அவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. நானும் கேட்கவில்லை.

அதனால்தான் படித்து முடித்த பிள்ளையிடம் "இதிலிருந்து என்ன கத்துக்கிட்டே?" என்று கேட்காதீர்கள் என்று எல்லாப் பெற்றோரிடமும் சொல்வேன். அந்தக் கேள்வியைக் கேட்ட உடனே அது பரீட்சை ஆகிவிடும். பேசியே ஆக வேண்டுமென்றால், எந்த இடத்தில் நிறுத்தித் திரும்பப் படித்தாய் என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் விட்டுவிடுங்கள்.

எனக்கென்று அந்த மேஜையிலிருந்து வந்தவை இரண்டு. முதலாவது, கிர்கீசிய எழுத்தாளர் சிங்கிஸ் ஐத்மாத்தவின் 'முதல் ஆசிரியர்'. நூறு பக்கம்கூட வராத கதை. ஒரு மலைக் கிராமத்துக்குத் தூய்ஷேன் என்ற இளைஞன் வருகிறான். குன்றின் மேல் கிடந்த பாழடைந்த குதிரை லாயத்தைத் தானே மெழுகிப் பள்ளிக்கூடம் ஆக்குகிறான். பணக்காரர்கள் குதிரையில் போகிறபோது பார்த்துச் சிரிக்கிறார்கள். குளிரில் உறையும் ஓடையில் இறங்கிப் பிள்ளைகளைத் தோளிலும் இடுப்பிலும் சுமந்து அக்கரை சேர்க்கிறான். அந்த ஆசிரியருக்கே ஒழுங்காகப் படிக்கத் தெரியாது. எழுத்துக் கூட்டித்தான் வாசிக்கிறான்.

அதில் அல்தினாய் என்று ஒரு அநாதைப் பெண். சித்தி வீட்டில் ஏச்சும் அடியும் வாங்கிக்கொண்டு வளர்கிறவள். அடுப்புக்குக் காய்ந்த சாணம் பொறுக்கப் போகிற வழியில் பள்ளிக்கூடத்தைப் பார்க்கிறாள். சேர்த்துக்கொள்வதாக ஆசிரியர் சொல்கிறார். திரும்பும் வழியில் அவளுக்கு ஒன்று தோன்றுகிறது: தன் கோணியிலிருக்கும் சாணத்தைக் குளிர்காலத்துக்கு ஆகும் என்று பள்ளிக்கூடத்தில் கொட்டிவிட்டு, வீட்டுக்கு வேறு பொறுக்கப் போகிறாள். வெறும் கையோடு போனால் அடி விழும் என்று தெரிந்தேதான். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டதும் செய்கிற வேலை சாணி பொறுக்குவது. கிர்கீசியா எங்கே இருக்கிறதென்று அப்போது எனக்குத் தெரியாது. அந்தக் கோணியின் கனம் தெரியும். பனி, பாப்ளார் மரம், உறைந்த ஓடை எல்லாம் அந்தக் கோணியைப் பிடித்துக்கொண்டுதான் எனக்குள் வந்தன.

பின்னால் ஆசிரியை ஆனபோது அந்தப் புத்தகத்திலிருந்து நான் எடுத்துக்கொண்டது தியாகம் இல்லை. அது சினிமாவிலும் நிறையக் கிடைக்கிறது. தனக்கு முழுசாகத் தெரியாததையும் பிள்ளைகளோடு உட்கார்ந்து எழுத்துக் கூட்டலாம் என்கிற துணிச்சல். கரும்பலகையில் ஒரு கணக்கு வராமல் நின்றால், "எனக்கும் வரல, வாங்க பார்ப்போம்" என்று சொல்ல எனக்குக் கூச்சமே இருந்ததில்லை.

இரண்டாவது, யாக்கவ் பெரல்மானின் 'பொழுதுபோக்கு பௌதிகம்'. ருஷ்ய மொழியில் முதலில் வந்தது 1913-ல். எழுதியவர் 1942-ல் லெனின்கிராட் முற்றுகையின்போது இறந்துபோனார். முதல் உலகப் போரில் ஒரு பிரெஞ்சு விமானி பறந்துகொண்டிருக்கிறான். முகத்துக்குப் பக்கத்தில் பூச்சி மாதிரி ஏதோ கூடவே வருகிறது. கையை நீட்டிப் பிடிக்கிறான். பார்த்தால் ஜெர்மன் துப்பாக்கிக் குண்டு! எப்படி முடியும்? சுடும்போது விநாடிக்கு 800, 900 மீட்டர் வேகத்தில் கிளம்பும் குண்டு, காற்று தடுத்துத் தடுத்துக் கடைசியில் 40 மீட்டருக்கு இறங்கிவிடுகிறது. விமானமும் அதே வேகத்தில் போனால் குண்டு பக்கத்தில் நிற்கிற மாதிரிதான். இதைப் படித்த அன்று ஓடுகிற பஸ்ஸுக்குப் பக்கத்தில் சைக்கிள் மிதித்து, ஜன்னலோரத்தில் இருந்த தோழியின் கையிலிருந்து கடலை மிட்டாய் வாங்கிப் பார்த்தோம். அம்மாவுக்கு இன்றுவரை தெரியாது.

அதே புத்தகத்தில் காகிதப் பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி முட்டை வேக வைக்கும் படம் இருக்கும். தீப்பெட்டிக் காகிதத்தையே மடித்துச் செய்தோம். தண்ணீர் கொதித்தது, காகிதம் எரியவில்லை. தண்ணீர் 100 டிகிரிக்கு மேல் போகாது, கூடவே இருக்கும் காகிதத்தையும் போக விடாது. தீப்பெட்டி ஊரில், எரிவதற்கென்றே பிறந்த காகிதம் எரியாமல் நின்றதைப் பார்க்கத் தெருவே கூடிவிட்டது. நான் கணக்கு, அறிவியல் பக்கம் போனதற்கு மார்க் காரணமில்லை, இதுதான் காரணம். அறிவியல் புத்தகம் வாங்கிக் கொடுப்பவர்களுக்கு ஒரு யோசனை: வீட்டில் இருக்கிற சாமானை வைத்தே செய்து பார்க்கக்கூடியதாகப் பார்த்து வாங்குங்கள். கிரகங்களின் வண்ணப் படத்தைப் பிள்ளை ஒரு தடவைதான் பார்க்கும்.

1991-ல் சோவியத் நாடே இல்லாமல் போனது. அந்த மேஜையும் அதோடு மெலிந்துவிட்டது. இப்போது பழைய புத்தகக் கடையில் மாஸ்கோ பதிப்பு ஒன்று கிடைத்தால், பழைய விலைக்குப் பல மடங்கு சொல்கிறார்கள். சிலவற்றைத் தமிழ்நாட்டுப் பதிப்பகங்கள் மறுபதிப்பாகப் போட்டிருக்கின்றன.

தூரத்துப் பனியில் இப்படித் திளைத்துக்கொண்டிருந்த என்னைக் கிளை நூலகத்தில் ஒரு நூலகர்தான் திருப்பினார். "எந்நேரமும் ருஷ்யாவுலயே இருக்கியே, இந்தா, இவரு இடைசெவக்காரரு" என்று கு. அழகிரிசாமியின் கதைத் தொகுதியை எடுத்துக் கொடுத்தார். இடைசெவல், நெல்லை போகும் சாலையில் எங்களுக்குப் பக்கத்து ஊர். அந்த ஒரு சின்னக் கிராமத்திலிருந்து, 1923-ல் சில நாள் இடைவெளியில் பிறந்த இரண்டு நண்பர்கள், அழகிரிசாமியும் கி. ராஜநாராயணனும், இருவருமே சாகித்திய அகாதமி விருது வாங்கியவர்கள். அழகிரிசாமிக்கு 1970-ல், அவர் மறைவுக்குப் பிறகு; கி.ரா.வுக்கு 1991-ல். பஸ் ஜன்னல் வழியாக நான் பார்த்துவிட்டு விட்ட ஊர்!

அழகிரிசாமியின் 'அன்பளிப்பு' கதையைப் பிள்ளைகளுக்குப் புத்தகம் கொடுக்கிற ஒவ்வொருவரும் படிக்க வேண்டும். பத்திரிகையில் வேலை பார்க்கும் ஒருவர் வீட்டுக்கு அக்கம் பக்கத்துப் பிள்ளைகள் புத்தகம் கேட்டு வந்து மொய்க்கிறார்கள். புது வருஷத்துக்கு அவர்களில் சிலருக்கு மட்டும் டைரி வாங்கி, அன்பளிப்பு என்று எழுதிக் கொடுக்கிறார். சாரங்கன் என்ற பையனுக்கு இல்லை. அவன் அழவில்லை, கேட்கவுமில்லை. ஒரு நாள் வற்புறுத்தித் தன் வீட்டுக்கு அழைக்கிறான். உபசரிக்கிறான். கடைசியில் தானே வாங்கி வைத்திருக்கும் ஒரு டைரியை எடுத்து நீட்டி, எழுதித் தரச் சொல்கிறான். என்ன எழுத என்று கேட்டால், வாசகத்தையும் அவனே சொல்கிறான்: பிரியமுள்ள சாரங்கனுக்கு அன்பளிப்பு என்று.

இதைப் படித்த பிறகு பரிசாகப் புத்தகம் கொடுத்தால் முதல் பக்கத்தில் பிள்ளையின் பெயரை எழுதாமல் நான் கொடுத்ததில்லை. பள்ளி ஆண்டு விழாவில் ரப்பர் ஸ்டாம்பு குத்திக் கொடுக்கிறார்களே, அது கணக்கில் வராது. பெயர், தேதி, ஊர், கொடுத்தவர் யார் என்ற நான்கு விஷயம். இன்னொன்று, வகுப்பில் கொடுத்தால் எல்லோருக்கும் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் தனியாகக் கூப்பிட்டுக் கொடுக்க வேண்டும்.

கி.ரா.வின் 'கோபல்ல கிராமம்' 1976-ல் வந்தது. தெலுங்கு தேசத்திலிருந்து தப்பி வந்தவர்கள் காட்டை எரித்துக் கரிசலில் குடியேறும் கதை. அதில் வரும் பேச்சு எங்கள் திண்ணைப் பேச்சு. அதைக் கேட்டு அம்மா மகிழ்வாள் என்று நினைத்தேன். அவளோ, "இதத்தான் நாங்க தெனமும் பேசுதோமே, இத எதுக்குக் காசு குடுத்து வாங்கணும்?" என்றாள். சரி, அதுவும் ஒரு விமர்சனம்தான். அவளுக்கு வேண்டியது சோழ நாட்டுத் தண்ணீர். எனக்கு வேண்டியது எங்கள் ஊர்ப் புழுதி. ஊரிலேயே இருப்பவர்களுக்குத் தூரமும், ஊரை விட்டுக் கிளம்ப நினைப்பவர்களுக்குப் பக்கமும் ருசிக்கும்போல.

இது எனக்கு இன்னும் தெளிவானது தூத்துக்குடிப் பக்கம் உப்பளத்துப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கு மாற்றலாகிப் போனபோது. ராஜம் கிருஷ்ணன் உப்பளங்களுக்கே வந்து தொழிலாளர்களோடு பேசிப் பழகி எழுதிய நாவல் 'கரிப்பு மணிகள்'. பொன்னாச்சி என்ற பெண் அளத்தில் வேலைக்குப் போகிற கதை. ஒன்பதாம் வகுப்பில் சில பக்கம் படித்துக் காட்டினேன். மறுநாள் ஒரு மாணவியின் அம்மா வேலை முடிந்து நேராக வந்து நின்றார். பாதத்தில் உப்பு வெடித்த வெள்ளைக் கோடுகள். "எங்க பாடு பத்திப் பொஸ்தகம் போட்டிருக்காவளாம்லா டீச்சர்?" என்றார். மகள் படிக்க, அவர் கேட்க, கிட்டத்தட்ட அந்தக் கோடை முழுக்க அந்தப் பிரதி அவர்கள் வீட்டில் இருந்தது. திருப்பித் தரும்போது, "கூலி மட்டும் மாறியிருக்கு. வெயில் அதே வெயிலுதான். எழுதின அம்மா கண்ணுக்கு ஒண்ணும் ஆகலயே?" என்று கேட்டார். வெள்ளை உப்பில் வெயில் பட்டுத் தெறித்துப் பார்வை கெடுவது அங்கே எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

அந்தப் பெண்ணுக்கு அடுத்து நான் கொடுத்தது 'முதல் ஆசிரியர்'. பக்கம் ஒன்று, தூரம் ஒன்று என்று மாற்றி மாற்றிக் கொடுப்பதுதான் எனக்குத் தெரிந்த ஒரே முறை. ராஜம் கிருஷ்ணனின் எழுத்துகள் அவர் உயிரோடு இருந்தபோதே 2009-ல் நாட்டுடைமை ஆக்கப்பட்டன. ஆகவே தேடினால் காசில்லாமலும் படிக்கலாம்.

நூலகத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சென்னை மாகாணப் பொது நூலகச் சட்டம் 1948-ல் வந்தது, இந்திய அளவில் இந்த வகையில் முன்னோடி. அதற்குப் பாடுபட்டவர் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன். வீட்டு வரி கட்டும் ரசீதைப் பாருங்கள், நூலக வரி என்று தனியாக இருக்கும். வரியில் ரூபாய்க்கு 10 பைசா. ஆக கிளை நூலகத்துக்குப் போவது யாரிடமும் சலுகை கேட்கப் போவதில்லை, நாம் கட்டிய பணத்தைப் பார்க்கப் போவதுதான். வேண்டிய புத்தகம் இல்லையென்றால் எழுதிக் கொடுங்கள். பிள்ளையைக் கூட்டிப்போனால் அலமாரியிலிருந்து எடுப்பதை அதன் கையில் விடுங்கள். தடியான சமையல் புத்தகத்தை எடுத்தாலும் பேசாமல் இருங்கள். என் மகள் ஒரு கோடையில் கோழி வளர்ப்புப் புத்தகம் ஒன்றைத் திரும்பத் திரும்ப எடுத்து வந்தாள். கோழி வளர்க்கவில்லை. ஆனால் நூலகத்துக்குப் போக நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பிடிக்காததைப் பாதியில் வைத்துவிடலாம் என்பதையும் சொல்லிக் கொடுக்க வேண்டும். ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'யைக் கல்லூரியில் எடுத்தேன். ஜப்பான் படை நுழையப்போகும் மெடான் நகரத்தில் தொடங்குகிறது. தெருப் பெயரெல்லாம் நாக்கில் வராது. நினைவு அங்கிருந்து மதுரைக்கும் சின்னமங்கலத்துக்கும் தாவிக்கொண்டே இருக்கும். வைத்துவிட்டேன். வேலைக்கு வந்து, ஊரைவிட்டுத் தனியாக இருந்த காலத்தில் எடுத்தபோது கீழே வைக்க முடியவில்லை. புத்தகம் மாறவில்லை, எனக்குத்தான் அதற்குள் பிரிய ஒரு ஊர் இருந்தது. அடையாளத்துக்கு வைத்த பஸ் டிக்கெட் பழைய பக்கத்திலேயே இருந்தது.

ஓய்வு பெற்ற பிறகு வீட்டு முன்னறையில் இரண்டு அலமாரி வைத்திருக்கிறேன். கதவுக்குப் பூட்டு கிடையாது. பக்கத்தில் ஒரு நீள நோட்டு. யார், எந்தப் புத்தகம், என்றைக்கு என்று எடுப்பவர்களே எழுதிக்கொள்ள வேண்டும். திரும்பி வராத புத்தகத்துக்காக நான் யார் வீட்டுக்கும் போவதில்லை. காமிக்ஸும் பெரல்மானும்தான் அதிகம் காணாமல் போகின்றன, அவற்றை இரண்டு பிரதியாக வாங்கிவிடுகிறேன். போன மாதம் ஒரு பையன் வந்து, "அக்கா எடுத்துட்டுப் போன பௌதிகப் புத்தகத்துக்கு ரெண்டாம் பாகம் இருக்கா டீச்சர்?" என்றான். முதல் பாகம் எங்கே என்று கேட்டேன். அக்கா கட்டிக்கொடுத்த ஊருக்கு எடுத்துப் போய்விட்டாளாம். நோட்டில் அவள் பெயருக்கு நேரே அந்த ஊர்ப் பெயரை எழுதச் சொல்லிவிட்டு, இரண்டாம் பாகத்தை எடுத்துக் கொடுத்தேன்.